கல் வைத்தவர்தான் எடுக்க வேண்டும்

அப்பா ஓட்டும் தேயிலைக் கொழுந்து லாரி செத்துவிட்டது என்பதை அப்பா ஒப்புக்கொள்வதற்கு முன்பே அம்மா ஒப்புக்கொண்டுவிட்டாள். அவள் அப்போது மஸ்டரில் நின்று, வேலைக்கு வந்த ஆட்களின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேலே ரோட்டில் லாரியைக் கிளப்ப அப்பா செல்ஃப் அடித்தார். லாரி ஒரே ஒரு தடவை உதறியது. தூங்குகிறவன் காலில் அட்டை ஏறினால் உதறுவானே, அப்படி. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

"போச்சு. என் மலைக்குத்தான் வரப் போறாங்க" என்றாள் அம்மா.

எங்கள் எஸ்டேட்டில் வண்டி இல்லாத டிரைவர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு களை வெட்டப் போக வேண்டும். வண்டி சரியானால் திரும்பி வரலாம். சரியாகாவிட்டால் காலம் முழுக்கக் களைதான். களை வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி யாரென்றால், அம்மா. கோகிலவாணி கங்காணி என்று ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரொம்பக் கண்டிப்பு என்று அதற்குள் பேர் வாங்கிவிட்டாள்.

அப்பா அவளுக்குக் கீழே வேலை செய்வதில் பெரிய சிக்கல் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். சிக்கல் வேறு. அம்மா அப்பாவின் பேரைச் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைப் பார்ப்பாள், நான் "ஜீவா" என்பேன். பேரை மட்டும் அல்ல, அதன் முதல் எழுத்தைக்கூட அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். ஆபீஸர் வரும் ஜீப் அவளுக்கு 'ஐயா வண்டி'. வயிறு சரியில்லை என்றால் 'செமிக்கல' என்பாள். அந்த வாயால் காலையில் எல்லார் முன்னாலும் பேர் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, அந்த ஆள் "இருக்கேன்" என்று சொன்னால்தான் அவர் வேலைக்கு வந்ததாக அர்த்தம்.

லாரிக்கு என்னைவிட வயது அதிகம். ஆடி மழையில் ஃபேக்டரி போகும் ரோடு மண் சரிந்து அடைபட்டபோது, அப்பா அதை மஸ்டருக்கு மேலே உள்ள ஏற்றத்தில், மேல்நோக்கி நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் என்று ஒரு கம்பி அதில் உண்டு. அதில் அப்பா சாப்பாட்டுப் பையை மாட்டுவார். மற்றபடி அதற்கு வேலை இல்லை. கியர் கம்பியும் சாம்பார் வாளியில் போட்ட கரண்டி மாதிரி எந்தப் பக்கமும் ஆடும். எந்தக் கியரில் இருக்கிறது என்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் வண்டி ஓடும்போதுதான் தெரியும். நிறுத்தியதும் இறங்கி வந்து பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைத்தார். மழை விடும் வரை லாரி அங்கேயே நனைந்துகொண்டு நின்றது.

மலையில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம். ஏற்றத்தில் ஒரு வண்டி நிற்பதைப் பார்த்தால் சும்மா கடந்து போக முடியாது. ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஏற்கெனவே கல் இருந்தாலும் இன்னொன்று வைப்பார்கள். தெரியாதவர் வண்டி என்றாலும் வைப்பார்கள். மேலேயிருந்து இறங்குகிறவர்களுக்குக் கைக்கு எட்டியது முன்சக்கரம் என்பதால் முன்னால் வைப்பார்கள், கீழேயிருந்து ஏறுகிறவர்கள் பின்னால் வைப்பார்கள். லாரி மேலே உருண்டு போகாதே என்று யாரும் யோசிப்பதில்லை. கல் என்பது ஒரு மரியாதை.

வைத்தவர்தான் அந்தக் கல்லை எடுக்கவும் வேண்டும். அடுத்தவர் வைத்த கல்லில் கை வைக்கக்கூடாது. எடுத்தபிறகு வண்டி உருண்டு யார் மேலாவது ஏறினால் பாவம் எடுத்தவருக்கு வரும் என்று ஒரு பேச்சு. இந்தப் பேச்சை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. ஆனால் ஓவேலியிலிருந்து பந்தலூர் வரை இதை மீறினவர் ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

லாரி உதறிய அன்று முதலில் வந்து பார்த்தவர் யூனியன் தலைவர் அழகையா. சிலோனில் பிறந்து, பத்து வயதில் கப்பலேறி வந்தவர். எதையும் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். லாரியின் மூக்கைத் தட்டினார்.

"இது சோகம் புடிச்சு நிக்குதுடா தம்பி. மழையில தனியா உட்டுட்ட."

"ஆயில் பாத்துட்டேன் மாமா. தேன் மாதிரி இருக்கு. தண்ணியும் இருக்கு" என்றார் அப்பா.

"அப்பிடின்னா ஏன் சுத்த மாட்டேங்குது?"

"அதான் தெரியல. செல்ஃப் அடிச்சா ஒரு ஆட்டு ஆட்டுது. அப்புறம் கல்லு மாதிரி நிக்குது."

அழகையா யோசித்தார். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்து, முன்சக்கரத்துக்கு மழையிலேயே யாரோ வைத்திருந்த கல்லின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அப்பா மண்வெட்டியோடு மஸ்டரில் நின்றார். எங்கள் லைன் வீடுகள் மஸ்டருக்கு நேர் மேலே இருப்பதால் வாசலில் நின்றாலே எல்லாம் தெரியும், கேட்கும். அம்மா வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவின் இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். மழை வருமா என்று பார்ப்பது போல. பிறகு அடுத்த பேருக்குப் போய்விட்டாள்.

ஆபீஸர் வசந்த்குமார் கோயம்புத்தூர்க்காரர். எஸ்டேட்டுக்குப் புதிது. எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்பார்.

"ஏனுங்க கங்காணிம்மா, டிரைவரு பேரு விட்டுப்போச்சாட்ட இருக்குதுங்களே?"

"விட்டுப் போகலங்க ஐயா. அந்த ஒரு பேர மட்டும் எங்க லைன் வேலாயி அக்கா கூப்பிடட்டும்."

"அதெல்லாம் ஆகாதுங்க. கங்காணி வாயில இருந்துதான் வரோணும்."

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. போன கங்காணி காலத்தில் ஆளுக்கு ஆள் பேர் கூப்பிட்டதில், செத்துப் போன ஒரு தாத்தா அடுத்த தீபாவளி வரை தினமும் "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"அப்ப நம்பர் போட்டுக் கூப்பிடட்டுங்களா ஐயா?" என்றாள் அம்மா.

ஆபீஸர் வாயைத் திறப்பதற்குள் அழகையா முன்னால் வந்துவிட்டார். "நம்பரா? ஆடு மாடா நாங்க? நம்பர் வேணாம், பேரு வேணும்னு இதே மஸ்டருல பட்டினி கிடந்தோம். இப்ப ஒரு கங்காணி, அதுவும் நம்ம புள்ள, நம்பருங்கிறா!"

"மாமா, நீங்களே சொல்லுங்க, நான் எப்பிடி அவங்க பேர..."

"அது குடும்ப விசயம். யூனியன் அதுல தலையிடாது."

ஆக, அப்பா மண்வெட்டியோடு எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்றார், ஆனால் வேலைக்கு வரவில்லை. வராதவர் மலைக்குள் போகக்கூடாது. வீட்டுக்கும் வர வெட்கம். வேறு வழியில்லாமல் லாரிக்குப் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் எங்கோ வேகமாகப் போய்க்கொண்டிருப்பவர் மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் டீயோடு அப்பா கெஞ்சினார்.

"இங்க யாரும் இல்ல. ஒரு தடவ சொல்லிப் பழகிக்கயேன்."

"சொன்னா உங்க ஆயுசு குறையும்."

"மஸ்டருல தெனம் நின்னே குறையுதுடி."

அம்மா கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். உதடு பிரிந்தது. பிறகு டீ புரை ஏறி இருமத் தொடங்கினாள். அப்பாதான் தலையைத் தட்டினார்.

"வேணாம் விடு" என்றார். "லாரிய எழுப்புறதுதான் லேசு."

கூடலூரிலிருந்து மெக்கானிக் பேபிச்சன் வந்தார். மலையாளமும் தமிழும் அவர் வாயில் ஒரே டப்பாவில் போட்ட நட்டும் போல்ட்டும் மாதிரி கலந்துகிடக்கும். வந்த உடனே ஒரு கல்லைத் தேடிப் பின்சக்கரத்துக்கு வைத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றினார்.

"சிலப்போ டைனமோ பிடிச்சாலும் எஞ்சின் சுத்தாது சேட்டா. அது நோக்கட்டே."

டைனமோ கையால் சுற்றியது. தண்ணீர் பம்பும் சுற்றியது. பேபிச்சன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கியர் கம்பியை ஆட்டிப் பார்த்தார். அது நாலு திசையிலும் ஆடியது. "நியூட்ரல்" என்றார். அப்பாவும் ஆட்டிப் பார்த்து "நியூட்ரல்" என்றார். கூட நின்ற எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக ஏறி ஆட்டிப் பார்த்து "நியூட்ரல்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

அடுத்து, எஞ்சினின் முன்னால் இருக்கும் பெரிய நட்டில் பானா ஸ்பானரை மாட்டி, அதில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, பேபிச்சன் அதில் தொங்கினார். எஞ்சின் நன்றாக இருந்தால் மெதுவாகவாவது சுற்ற வேண்டும். சுற்றவில்லை. அப்பா சேர்ந்து தொங்கினார். களை வெட்டுகிற ஆட்களில் இன்னும் சிலர் வந்து தொங்கினார்கள். குழாய் வில் மாதிரி வளைந்தது. லாரி முழுவதும் ஒரு நூலிழை முன்னால் வந்து, கல்லில் முட்டி நின்றது.

"கண்டோ? வண்டியே ஆடுது, எஞ்சின் ஆடலே" என்றார் பேபிச்சன். "உள்ளே பிஸ்டன் பிடிச்சிட்டு விடலே. உறப்பா சொல்றேன்."

எஞ்சினுக்குள் டீசல் பீச்சும் நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. அப்படியானால் துரு என்று முடிவு செய்தார். துருவுக்கு மருந்து, அந்த ஓட்டைகள் வழியாக எண்ணெய் ஊற்றி ஊற வைப்பது. அவர் டீசல் கேட்டார். ஆனால் கூட்டத்தில் வேலாயி இருந்தாள்.

வேலாயி எங்கள் லைனில் கடைசி வீடு. எந்த நோய்க்கும் அவளிடம் ஒரே மருந்து, நீலகிரித் தைலம். இடுப்பிலேயே பாட்டில் வைத்திருப்பாள்.

"மழையில நனைஞ்சு, மூச்சு அடைச்சு, ஒரு உதறு உதறுச்சுன்னா என்ன அர்த்தம்? நெஞ்சு சளி. இதுக்குப் போயி டீசல் ஊத்துறானாம்."

"அம்மே, இது எஞ்சின்."

"எஞ்சினுக்கு நெஞ்சு இல்லையா? பின்ன எதுல இருமுது?"

பேபிச்சன் மறுக்க முடியாமல் டீசலோடு அரை மூடி தைலத்தையும் ஊற்றினார். அதுதான் தப்பாகப் போயிற்று. டீசல் ஊற்ற யாரும் வரவில்லை. தைலம் என்றதும் எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டில் இருந்தது. லாரியைப் பார்க்க வந்தவர்கள் பேபிச்சன் இல்லாத நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டார்கள். மஸ்டரே மூக்கடைப்பு விட்ட மாதிரி மணந்தது. தும்மிக்கொண்டிருந்த ஆட்களெல்லாம் லாரிப் பக்கம் போய் நின்று குணமாகித் திரும்பினார்கள்.

பார்க்க வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரிதான் வந்தார்கள். சிலர் பன் வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தார்கள். "எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்கள். அப்பா "அப்பிடியேதான்" என்பார். "நல்லா ஓடின வண்டி" என்று பெருமூச்சு விடுவார்கள். போகும்போது ஒரு கல் வைத்துவிட்டுப் போவார்கள். பந்தலூர் பஸ் கண்டக்டர் கீழே மெயின் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, ஏறி வந்து, வைத்துவிட்டுப் போனார். நானும் ஒன்று வைத்தேன். வாரக் கடைசிக்குள் சக்கரங்களே தெரியவில்லை. கல்சுவருக்குள் லாரியைக் கட்டிவைத்த மாதிரி இருந்தது.

பேபிச்சன் திரும்பி வந்து மறுபடி குழாயில் தொங்கிப் பார்த்தார். இந்தத் தடவை லாரி அந்த நூலிழைகூட அசையவில்லை.

"முன்னே கொஞ்சம் ஆடும், இப்போ அதும் இல்லா. அதிகமாயி" என்று தலையை ஆட்டினார். "ஜீவா சேட்டா, மனசு திடமாக்கு. எஞ்சின் போயி."

கழற்றிய நாசில்களையெல்லாம் திரும்பவும் மாட்டினார், பைப்பைப் பொருத்தினார், பெல்ட்டைப் போட்டார். ஏன் என்று அப்பா கேட்டார்.

"மரிச்ச ஆளை உடுப்பு இல்லாம அனுப்புமோ?"

ஆபீஸர் வசந்த்குமார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மேட்டுப்பாளையத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டார். "வந்து இழுத்துட்டுப் போயிருங்க" என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் அப்பா லாரியின் கதவில் சாய்ந்துகொண்டார். லாரி போய்விட்டால் அவர் டிரைவர் இல்லை. டிரைவர் இல்லையென்றால் கடைசி வரை களை. அதிலும் பேர் கூப்பிடாத களை. வராத ஆளாகவே கிழவனாக வேண்டியதுதான்.

"அவசரப்படாதீங்க ஐயா. இன்னும் ரெண்டு நாளு" என்றார்.

"டிரைவரே, ஒரு வாரமா நீங்க வேலைக்கே வரலீங்க" என்றார் ஆபீஸர். அப்பாவின் தோளைத் தட்டியபடிதான் சொன்னார்.

இரும்புக் கடை லாரி ஒரு நல்ல வெயில் நாளில், பேர் கூப்பிடும் நேரத்துக்கே வந்து சேர்ந்தது. முதலாளியே ஓட்டி வந்திருந்தார். மேலே இழுத்துப் போய்த் திருப்பிக்கொள்ளலாம் என்று, ஏற்றத்தில் எங்கள் லாரியின் முன்னால் போய் நின்று, சங்கிலியை மாட்டினார். பிறகு இறங்கி வந்து சக்கரங்களைப் பார்த்தார்.

"என்னங்க இது, கோட்டை?"

"கல்லுங்க" என்றார் ஆபீஸர்.

"எடுங்க."

யாரும் அசையவில்லை. இரும்புக்காரரே குனிந்து ஒரு கல்லைத் தொட்டார். "அது வேலாயி அக்கா கல்லு!" என்று கூட்டமே கத்தியது. அவர் சுட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். விஷயத்தை விளக்கியதும் தன் லாரியைத் திரும்பிப் பார்த்தார். அதன் சக்கரத்துக்கும் அதற்குள் யாரோ ஒரு கல் வைத்திருந்தார்கள்.

கடைசியில் அம்மாதான் கல் வைத்தவர்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. யார் எந்தக் கல் என்பது அவளுக்கு அத்துப்படி. மஸ்டரில் நிற்கிற குரலில் கூப்பிட்டாள்.

"வேலாயி!"

"இருக்கேன்." வேலாயி வந்து தன் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"அழகையா மாமா!"

அவர் வந்து மூன்று முறை தட்டிவிட்டு எடுத்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். பேபிச்சன் தன்னுடையதை எடுத்தார். பஸ் வந்து நின்று கண்டக்டர் எடுத்தார். நானும் போய் எடுத்தேன். ஆபீஸர் வசந்த்குமார் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே ஒரு கல்லை எடுத்தார். அவர் எப்போது வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. லைனில் ஒரு பையன் கல் வைத்த மறுநாளே திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போயிருந்தான். அவனை வீடியோ காலில் கூப்பிட்டுக் கல்லைக் காட்டினார்கள். "அதில்ல, அதுக்குப் பக்கத்துல. ஆங், அதான். எடுத்துக்கங்க, நான் எடுத்த மாதிரிதான்" என்றான்.

கடைசியாகப் பின்சக்கரத்தில் ஒரே ஒரு கல் மிச்சம் இருந்தது. முதலில் வைத்தது, அப்பாவுடையது. அப்பா லாரிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார், கடைசித் தடவையாக நானே ஓட்டுகிறேன் என்று கேட்டு வாங்கியிருந்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறவர் இறங்கி வந்து கல்லை எடுக்க முடியாது.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வானத்தைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, தானே குனிந்து அந்தக் கல்லை எடுத்துவிட்டாள்.

"புருசன் கல்லுல பொண்டாட்டிக்குப் பாதி உண்டு" என்று வேலாயி தீர்ப்புச் சொன்னாள். யாரும் எதிர்க்கவில்லை.

இரும்புக்காரர் வண்டியைக் கிளப்பினார். சங்கிலி விறைத்தது. அப்பா பிரேக்கை விட்டார். எங்கள் லாரி முனகிக்கொண்டு ஒரு முழம் முன்னால் போனது. இன்னொரு முழம். அப்போது அதன் வயிற்றுக்குள்ளிருந்து 'டுக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு 'டுக் டுக்'. பிறகு பின்னாலிருந்து ஒரு பெரிய வெள்ளைப் புகை கிளம்பி மஸ்டரையே மூடியது. மலை முழுக்க நீலகிரித் தைலம் மணந்தது. புகைக்குள்ளிருந்து அப்பா கத்துவது கேட்டது.

"ஓடுது! ஓடுது!"

பேபிச்சன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "என்டெ மாதாவே, கியரில் கிடக்குதா? ஆடுற கம்பிய நம்பிட்டேனே. எஞ்சின் பிடிச்சதில்லா, நாட்டுக்காரரெல்லாம் சேர்ந்து சக்கரத்தைப் பிடிச்சதாணு!"

விஷயம் அவ்வளவுதான். கியர் கம்பி நியூட்ரலில் ஆடினாலும் வண்டி உள்ளே முதல் கியரிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. கிளட்ச்சை மிதித்தால் எஞ்சின் தனியாகச் சுற்றியிருக்க வேண்டும், ஆனால் மழையில் நின்றதில் கிளட்ச் பிளேட்டும் துருவேறி ஒட்டிக்கொண்டது. அதனால் எஞ்சின் சுற்ற வேண்டுமானால் சக்கரமும் சுற்ற வேண்டும். சக்கரத்தைச் சுற்ற விடாமல் அத்தனை பேரும் அன்பாகக் கல் வைத்திருந்தோம்.

இப்போது புதுச் சிக்கல். கிளட்ச் ஒட்டியிருந்ததால் எஞ்சின் ஓடுகிற வரை லாரி நிற்காது. அது நடக்கிற வேகத்தில் ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. இழுத்துக்கொண்டிருந்த இரும்புக்காரர் கண்ணாடியில் பார்த்தார். சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. தான் இழுக்கிற லாரி தன்னைத் துரத்திக்கொண்டு வருவது தெரிந்து, அவர் இன்னும் கொஞ்சம் மிதித்தார். யார் யாரை இழுக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. நாங்கள் எல்லாரும் பக்கத்திலேயே நடந்து போனோம். ஊர்வலம் மாதிரி இருந்தது.

"டிரைவரே, நிறுத்துங்க!" என்று ஆபீஸர் ஓடிக்கொண்டே கத்தினார்.

"நிறுத்தினா மறுபடி எழும்பலேன்னா என்ன ஐயா பண்றது? இரும்புக்குத்தான அனுப்புவீங்க!"

"சேட்டா!" என்று பேபிச்சன் மறு பக்கம் ஓடினார். "கிளட்ச்சும் பிரேக்கும் ஒண்ணிச்சு சவிட்டு! ஒரே மிதி! பிளேட்டு விட்டுப் போகும்!"

"விடலேன்னா?"

"விடலேன்னா எஞ்சின் நிக்கும்."

"அப்ப மாட்டேன்!"

மேலே ரோடு எஸ்டேட் பங்களா கேட்டில் முடிகிறது. கேட் பூட்டியிருந்தது. இரும்புக்காரர் கேட்டுக்கு முன்னால் போய் நின்று, ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். பின்னால் எங்கள் லாரி தைலப் புகையோடு வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அதுதான் பயமாக இருந்தது. வேலாயி கல்லைத் தேடி ஓடினாள். இரும்புக்காரர் கதவைத் திறந்துகொண்டு தேயிலைக்குள் குதித்தார்.

அப்பா காலைத் தூக்கி வைத்தபடி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மிதிக்கவும் மனசில்லை, மோதவும் மனசில்லை. ஆபீஸர் கத்தினார், அழகையா கத்தினார், எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மஸ்டரில் கூப்பிடுகிற அதே குரல், இழுத்து, அடிவயிற்றிலிருந்து.

"ஜீ...வா!"

அப்பா டிரைவர் ஆவதற்கு முன்னால் ரொம்ப வருஷம் மஸ்டரில் நின்றவர். கங்காணி பேர் கூப்பிட்டால் விறைத்து எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகிய உடம்பு. அது யோசிக்கவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து இரண்டு காலிலும் நின்றது. இடது கால் கிளட்ச்சில், வலது கால் பிரேக்கில்.

"இருக்கேன்!" என்றார்.

அடியில் 'படார்' என்று எதுவோ விட்டுப் போனது. லாரி அந்த இடத்திலேயே நின்றது. இரும்புக்காரர் வண்டிக்கும் அதற்கும் நடுவே ஒரு முறம் வைக்கிற இடம்தான் இருந்தது. எஞ்சின் மட்டும் நிற்காமல், ஒன்றுமே நடக்காத மாதிரி, தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவளையே பார்த்தார். லாரிக்கு உயிர் வந்ததற்குக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"ஆயுசு குறைஞ்சா என்னக் கேக்கக்கூடாது" என்றாள் அம்மா.

இரும்புக்காரர் தேயிலையிலிருந்து ஏறி வந்து, சங்கிலியைக் கழற்றிக்கொண்டு, எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுக்கப் போனார். அவர் சக்கரத்துக்கு வைத்த கல்லை, வைத்தவரே வந்து எடுக்காமல் விட்டதற்காக அழகையா அவரிடம் வருத்தம் தெரிவித்தார்.

அப்பா லாரியைப் பக்குவமாகத் திருப்பினார். கிளட்ச் நல்ல பிள்ளையாக வேலை செய்தது. மஸ்டருக்கு வந்து நிறுத்தி, எஞ்சினை அணைக்கத் துணிவில்லாமல் அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். "ஐயா, கொழுந்து ஏத்தட்டுங்களா?" என்றார். அவ்வளவு பெரிய சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

ஆபீஸர் வசந்த்குமார் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "ரொம்ப சந்தோசமுங்க டிரைவரே. நாளையிலிருந்து ஏத்துங்க."

"ஏன் ஐயா, இன்னிக்கு?"

"இன்னிக்கு உங்க பேரு களைக்குக் கூப்பிட்டாச்சுங்களே. கங்காணி வாயாலயே கூப்பிட்டாங்க. நீங்களும் 'இருக்கேன்'னு சொல்லிப்போட்டீங்க. ஊரே கேட்டுச்சு."

அப்பா அழகையாவைப் பார்த்தார். அழகையா லாரியின் மூக்கை மூன்று முறை தட்டினார்.

"பேரு கூப்பிட்டா வேலை குடுக்கணும். அது நம்ம வாங்குன உரிமைடா தம்பி. இன்னிக்கு உட்டுக்குடுத்தா நாளைக்கு நம்பருக்கு வந்துருவாங்க."

எஞ்சின் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள பேபிச்சன் லாரிக்குள் ஏறி உட்கார்ந்தார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மலைக்குள் இறங்கினார்.

அன்று நான் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, அப்பா ஒரு தேயிலை வரிசையின் நடுவில் வளைந்து களை வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை பழக்கம் விட்டுப் போயிருந்தது. களையைவிட மண்தான் அதிகம் வந்தது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"அந்த வரிசையில வேரு நிக்குது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"யாரச் சொல்ற?" என்றார் அப்பா.

"அதான் ஊரே கேக்கச் சொல்லிட்டியே பிள்ள. இனிமே என்ன?" என்று பக்கத்து வரிசையிலிருந்து வேலாயி சிரித்தாள். "சொல்லு, நாங்களும் ஒரு தடவ கேக்குறோம்."

அம்மாவின் காது சிவந்தது. அப்போது மேலே ரோட்டில் லாரியின் சத்தம் ஒரு நொடி தடுமாறியது. அப்பா சட்டென்று நிமிர்ந்து, மண்வெட்டியை விட்டுவிட்டு, மேலேயே பார்த்தார். சத்தம் திரும்பவும் சீரானது. அவர் அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது ஓடும்" என்றாள் அம்மா. "நீங்க குனிங்க."